விலக்கு சிறியவருக்கே: பெரும் கால்நடைப் பண்ணைகளும் நிலத்தடி நீர் ஒழுங்குமுறையும்

(பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1. பொருளும் எல்லையும்

நிலத்தடி நீரை எடுப்போருள் யாரிடம் கணக்குக் கேட்பது, யாரைக் கேட்காமல் விடுவது என்னும் வினாவுக்கு இந்தியச் சட்டங்கள் இதுவரை கூறிவந்த விடை பெரும்பாலும் எடுப்பவரின் தொழிலை வைத்தே அமைந்திருக்கிறது: ஆலை என்றால் அனுமதி வேண்டும், வேளாண்மை என்றால் வேண்டாம். உழவர் வீட்டுக் கொட்டிலில் இரண்டு மாடும் புழக்கடையில் பத்துக் கோழியும் இருந்த காலத்துக்கு இப்பாகுபாடு பொருந்தியது. ஒரே வளாகத்தில் ஒரு லட்சம் முட்டைக்கோழிகளைக் கூண்டில் அடைத்து, தீவனத்தை வெளி மாநிலத்திலிருந்து வரவழைத்து, ஆண்டு முழுவதும் ஆழ்துளைக் கிணற்று நீரில் இயங்கும் பண்ணையும் அதே வேளாண்மை என்னும் குடையின்கீழ் நிற்கும் இக்காலத்துக்கு அது பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

பேரளவுக் கால்நடைப் பண்ணை என்பது, தன் நிலத்தில் விளையும் தீவனத்தை நம்பாமல், விலைக்கு வாங்கிய தீவனத்தைக் கொண்டு ஓரிடத்தில் ஆயிரக்கணக்கான அல்லது லட்சக்கணக்கான உயிர்களை அடைத்து வளர்க்கும் உற்பத்திக் கூடத்தைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய பண்ணைகள் நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கும், பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றவை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடமோ கார், கைப்பேசி, டயர், கண்ணாடி ஆகியவற்றின் நாடு; கோழிப் பண்ணைகளின் நாடு அன்று. ஆயினும் பெருநுகர்வோர் ஒருவரை எவ்வாறு அளப்பது, அவருக்கு மாற்று நீர் எவ்வாறு தருவது, அளவீடு இல்லாத இடத்தில் எந்த ஓட்டை வழியாக நீர் கசிந்து வெளியேறுகிறது என்னும் மூன்றையும் ஒருசேரக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் இதைப்போல் வேறொன்றைக் காண்பது அரிது. ஆகவே தொழில் வழித்தடத்தின் பட்டறிவிலிருந்து தொடங்கி, அதைப் பண்ணைகளுக்குப் பொருத்திப் பார்ப்பதே இவ்வாய்வின் முறை.

2. ஏரி நாட்டில் எழுந்த ஆலைகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்று அழைப்பது மரபு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிக்கப்படுவதற்கு முன், பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்தவை மட்டுமே 900-க்கும் மேற்பட்ட ஏரிகள். ஊராட்சிகளின் பொறுப்பில் இருந்த சிற்றேரிகளும் குளங்களும் அக்கணக்கில் சேரா. இம்மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 920-இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. நீர் ஊராரின் பொதுப்பொருள், அதற்குப் பொறுப்பேற்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் இம்மண்ணுக்குப் புதியதன்று என்பதற்கு அக்கல்வெட்டு போதிய சான்று. ஆனால் அந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரியும் நீருக்கு உரியது. மண்ணுக்குள் இருக்கும் நீரை யாரும் வாரியத்தின் பொறுப்பில் வைக்கவில்லை, வைக்கத் தேவையும் அன்று இருக்கவில்லை. கவலை பூட்டி இறைத்த கிணறு, மாட்டின் வலிமைக்கு மேல் நீரை எடுக்க இயலாத கிணறு.

1971-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம், அதாவது சிப்காட், 1990-களுக்குப் பின் இப்பகுதியில் அடுத்தடுத்துத் தொழிற்பூங்காக்களை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006-இல் திறக்கப்பட்டு 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு ஆலை 2010-இலும் டைம்லர் சரக்குந்து ஆலை 2012-இலும் திறக்கப்பட்டன. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று பூங்காக்கள் விரிந்தபோது மேய்க்கால் புறம்போக்கும் மானாவாரி நிலமும் ஆலை வளாகங்களாயின. ஊர் மாடுகளுக்கு மேய்ச்சல் குறைந்தது. ஆலைக்கு வந்த பல்லாயிரம் தொழிலாளர்களுக்குத் தங்கும் விடுதிகளும் அடுக்ககங்களும் எழுந்தன.

இம்மண்ணின் அமைப்பு தாராளமாக நீர் தருவதன்று. நிலவியலார் ஸ்ரீபெரும்புதூர்ப் படிவம் என்று இவ்வூரின் பெயராலேயே அழைக்கும் அடுக்கு, களிமண்ணும் களிப்பாறையும் மிகுந்தது. களி நீரைத் தன்னுள் தேக்கினாலும் எளிதில் விட்டுக்கொடுக்காது. படப்பை, வண்டலூர்ப் பக்கம் செல்லச் செல்லக் கடும்பாறை மேலெழுகிறது. அங்கு நீர் இருப்பது பாறையின் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே. நீரைத் தன்னுள் வைத்துக் கிணற்றுக்குத் தரவல்ல இத்தகைய அடுக்கை நீர்த்தாங்கி என்பர். களியிலும் பாறையிலும் அமைந்த நீர்த்தாங்கி சிறியது, மெதுவாக நிரம்புவது. ஒரு கிணறு ஆழமாகி விரைந்து இறைத்தால், பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டம் முதலில் இறங்கும்.

ஆகவே இப்பூங்காக்களுக்கு நீர் தொடக்கம் முதலே பெரிதும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருவது. அதன் நீரில் ஆலைகளும் பங்கு கேட்கும்போது, வறட்சி ஆண்டில் நகரமும் ஆலையும் ஒரே குழாய்க்குப் போட்டியிடும் நிலை உண்டாயிற்று. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில்தான் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது. வழக்கமான இரு நிலைகளில் சுத்தம் செய்யப்பட்ட நகரக் கழிவுநீரை மேலும் வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் உப்பையும் நீக்கி ஆலைக்கு ஏற்ற நீராக்குவதே மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு. கோயம்பேட்டு நீர் குழாய்வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் பூங்காக்களுக்குச் செல்கிறது. அதே அளவுத் திறனுள்ள கொடுங்கையூர் நிலையம் மணலி ஆலைகளுக்கு நீர் தருகிறது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு ஒன்றைக் கருத வேண்டும். ஆலையின் நீர் அளக்கப்படுகிறது. லிட்டருக்குக் கணக்கு உண்டு, விலை உண்டு. ஆகவே எவ்வளவு தேவை என்பது முன்கூட்டியே தெரிகிறது. தெரிந்ததால்தான் அதற்கு மாற்று நீரைத் திட்டமிட முடிந்தது. அளவீடு என்பது தண்டிப்பதற்கு மட்டும் உரிய கருவியன்று, மாற்று வழி அமைப்பதற்கும் அதுவே அடிப்படை என்பது இவ்வழித்தடம் தரும் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் பூங்காவின் மதிலுக்கு வெளியே இருக்கிறது. விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் அடுக்ககங்களுக்கும் நீர் தருபவை பெரும்பாலும் தண்ணீர் லாரிகள். அவை நிரம்பும் இடம் சுற்றியுள்ள ஊர்களின் வயல்கள். நடவு நின்றுபோன நிலத்தில் வரப்போரமாக ஓர் ஆழ்துளைக் கிணறு. நீர்மூழ்கி மோட்டாரிலிருந்து தடித்த ரப்பர்க் குழாய் லாரியின் மேல்வாயில் செருகப்பட்டிருக்கிறது. 12,000 லிட்டர் நிரம்பியதும் அடுத்த லாரி பின்னோக்கி வந்து நிற்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் அந்நிலம் இன்றும் நஞ்சை அல்லது புஞ்சை. கிணறு பாசனக் கிணறு. நிலத்தின் பெயர் மாறவில்லை, நீரின் வழி மாறிவிட்டது. தொழிலின் பெயரை மட்டும் பார்க்கும் சட்டத்துக்கு இம்மாற்றம் புலப்படுவதே இல்லை.

3. சட்டம் வந்த வழி

நிலத்தின் உரிமையாளரே அதன் அடியில் உள்ள நீருக்கும் உரியவர் என்னும் கோட்பாடு, 1843-இல் இங்கிலாந்தில் ஒரு சுரங்க வழக்கில் உறுதிப்பட்டது. ஒருவர் தம் நிலத்தில் தோண்டியதால் அயலாரின் கிணறு வற்றினாலும் அவர் இழப்பீடு தரவேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இக்கருத்தைத் தன் 7-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக ஏற்றது: வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரை அந்நிலத்தின் உரிமையாளர் தம் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளலாம். அச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. மாடு பூட்டி இறைத்த காலத்தில் பெருந்தீங்கு விளைக்காத இவ்விதி, ஆயிரம் அடி ஆழத்திலிருந்து நீரைத் தூக்கும் மோட்டார் வந்தபின், பணமுள்ளவரின் ஆழமான கிணறு பக்கத்து ஏழையின் ஆழமற்ற கிணற்றை வற்றச் செய்யும் உரிமையாக மாறியது.

சென்னையைச் சுற்றிய பட்டறிவு இதற்கு முதல் அடையாளமாயிற்று. நகரத்துக்கு வடக்கே ஆரணி–கொசத்தலையாற்றுப் படுகையின் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் உழவுக்கும் நீர் இறைக்கப்பட்டதில், மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது. இனிப்பாக இருந்த கிணறுகள் உப்பாயின. நன்னீரின் அழுத்தம் குறைந்தால் கடலோர நீர்த்தாங்கிக்குள் கடல்நீர் முன்னேறும் என்னும் இயற்கை விதி அங்கு நடைமுறைப் பாடமாயிற்று. இச்சூழலில் இயற்றப்பட்ட 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம், சென்னை நகரிலும் பட்டியலிட்ட புறநகர்ச் சிற்றூர்களிலும் கிணறு தோண்டுவதையும், நீரை எடுப்பதையும், வண்டிகளில் ஏற்றிச் செல்வதையும் அனுமதிக்கு உட்படுத்தியது.

மாநிலம் முழுவதற்குமாக 2003-இல் ஒரு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்பியது சட்டமன்றத்தின் சட்டமன்று, 2014 ஜூலையில் பொதுப்பணித் துறை வெளியிட்ட 142-ஆம் எண் அரசாணை. அரசாணை என்பது நிருவாகத்தின் ஆணை. சட்டத்துக்குரிய முழு வலிமை அதற்கு இல்லை. இருப்பினும் வணிகத்துக்காக நீர் எடுப்போர் அரசிடம் தடையின்மைச் சான்று பெறவேண்டும் என்னும் நெறியை அது நிலைநாட்டியது. அவ்வரசாணையை எதிர்த்த வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை உறுதிசெய்ததோடு, அனுமதியின்றி நிலத்தடி நீரை எடுத்து விற்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி திருட்டாகும் என்றும் கூறியது. 1882-இல் உரிமையாக இருந்த செயல் 2018-இல் திருட்டாக எண்ணப்படலாயிற்று.

ஒழுங்குமுறையின் அலகையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் நிலத்தடி நீர், வருவாய்த் துறையின் பிர்கா எனப்படும் குறுவட்ட அளவில் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்பதை வைத்து, 70-க்கு உட்பட்டது பாதுகாப்பானது, 90 வரை மித அபாயம், 100 வரை அபாயம், 100-ஐக் கடந்தது அதிநுகர்வு என்று வகை பிரிப்பர். 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி மாநிலத்தின் 1,166 குறுவட்டங்களுள் 435 அதிநுகர்வில் இருந்தன, பாதுகாப்பானவை 409. அதாவது ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரைவிட மிகுதியாக இறைக்கும் குறுவட்டங்களின் எண்ணிக்கை, பாதுகாப்பானவற்றின் எண்ணிக்கையை விஞ்சி நின்றது.

ஒன்றிய அளவில், உச்சநீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து 1997 ஜனவரியில் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைந்தது. அதன் 2020 செப்டம்பர் நெறிமுறைகள் பெருநுகர்வு ஆலைகளுக்குக் கடுமையானவை: தொலைவிலிருந்தே அளவு படிக்கத்தக்க எண்முறை நீரளவி, நீர்மட்டத்தைப் பார்க்கும் கண்காணிப்புக் குழாய், நாளொன்றுக்கு 100 கன மீட்டருக்கு மேல் எடுப்போருக்கு நீர்த் தணிக்கை, எடுக்கும் நீருக்குக் கட்டணம். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். நாளொன்றுக்கு 10 கன மீட்டருக்குக் குறைவாக எடுக்கும் சிறு, குறு தொழில்களுக்கு இந்நெறிமுறைகள் விலக்கு அளிக்கின்றன. வேளாண் நடவடிக்கைகளுக்கோ அளவு வரம்பே இல்லாத விலக்கு அளிக்கின்றன. இவ்விரு விலக்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கு எழும் சிக்கலின் மையம்: முதலாவது சிறியவரைக் காக்கிறது, இரண்டாவது ஒரு பெயரைக் காக்கிறது.

4. பண்ணையின் நீர்க் கணக்கு

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிக் கொட்டகை ஒன்றை உள்ளே நின்று பார்த்தால் நீரின் வழி முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கொட்டகையின் தலைப்பில் உயரத்தில் ஒரு தொட்டி. ஆழ்துளைக் கிணற்று நீர் அதில் ஏறி, குளோரின் கலக்கப்பட்டு, கூண்டு வரிசைகளின் நீளம் முழுவதும் ஓடும் மெல்லிய குழாயில் இறங்குகிறது. குழாயில் கூண்டுதோறும் நிப்பிள் எனப்படும் உலோக முனை. கோழி அலகால் தொட்டால் ஒரு துளி விழும், தொடாவிட்டால் விழாது. பழைய திறந்த தொட்டிகளோடு ஒப்பிட்டால் சிந்தும் நீர் மிகக் குறைவு. ஆகவே பண்ணையார் நீரை வீணாக்குகிறார் என்னும் பொதுக்குற்றச்சாட்டு இங்குப் பொருந்தாது. சிக்கல் வீணடிப்பில் இல்லை. எண்ணிக்கையிலும் தொடர்ச்சியிலும் இருக்கிறது.

முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் உண்ணும், அதைப்போல் இரு மடங்கு நீர் குடிக்கும். அக்கணக்கில் ஒரு லட்சம் கோழிக்கு நாளொன்றுக்கு 22,000 லிட்டர், அதாவது 22 கன மீட்டர். வெயில் 40 பாகையைத் தொடும் சித்திரை, வைகாசியில் கோழி மிகுதியாகக் குடிக்கும். வெப்பத்தைத் தணிக்க நீர்த்திவலை தெளிக்கும் கருவிகளும் ஓடும். தேவை இரு மடங்கை நெருங்கலாம். நிலத்தடி நீர் மிகக் கீழே இறங்கியிருக்கும் திங்களிலேயே பண்ணையின் தேவை உச்சத்தில் இருக்கிறது. பால் பண்ணையில் கறவை மாடு ஒன்று பால் அளவையும் வெயிலையும் பொறுத்து 60 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். கொட்டில் கழுவும் நீர் அதற்கு மேல்.

இக்கணக்கைப் பாசனத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நேர்மை. ஓர் ஏக்கர் நெல் ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் கொள்ளுமானால் அது ஏறத்தாழ 4,850 கன மீட்டர். லட்சம் கோழிப் பண்ணை, நாள் சராசரி 25 கன மீட்டர் என்று கொண்டால், ஆண்டுக்கு 9,125 கன மீட்டர் எடுக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஏக்கர் ஒருபோக நெல்லின் அளவு. நாமக்கல் வட்டாரத்துக் கோழிகள் சுமார் 5 கோடி என்று கொண்டால், அவை அனைத்தும் குடிக்கும் நீர் நாளொன்றுக்கு 1.1 கோடி லிட்டர். கோயம்பேடு நிலையம் ஒன்றின் திறனில் நான்கில் ஒரு பங்கு. இந்திய நிலத்தடி நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பாசனத்துக்கே செல்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாநிலத்தின் நீர்த் தட்டுப்பாட்டுக்குக் கோழிப் பண்ணைகளைக் காரணமாக்குவது தவறு என்பது தெளிவாகும்.

அவ்வாறாயின் ஒழுங்குமுறை எதற்கு? மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, வயலுக்குப் பாயும் நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் திரும்பி நீர்த்தாங்கியைச் சேர்கிறது. பண்ணையின் நீர் முட்டையாகவும் பாலாகவும் ஆவியாகவும் வெளியேறுகிறது, திரும்புவது எச்சத்தில் கலந்த சிறு பகுதியே. இரண்டாவது, நெல்லின் தேவை பல ஏக்கரில் பரவி, பல கிணறுகளில் பகிர்ந்து, போகத்தோடு முடிவது. பண்ணையின் தேவையோ சில ஏக்கருக்குள் ஓரிரு ஆழ்துளைகளில் குவிந்து, ஆண்டின் ஒரு நாள்கூட நிற்காதது. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரளவு பெய்யும் கடும்பாறை நிலத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளிறங்கினால் ஏக்கருக்கு ஏறத்தாழ 280 கன மீட்டர் சேரும். ஐந்து ஏக்கர் வளாகத்தில் 1,400. அதற்கு மேல் எடுக்கும் 7,700 கன மீட்டரும் அயலாரின் நிலத்தடியிலிருந்தே வருகிறது. மூன்றாவது, எச்சக் குவியலிலிருந்து இறங்கும் நைட்ரேட் என்னும் உப்பு, அதே நீர்த்தாங்கியைக் குடிநீருக்கு ஆகாததாக்க வல்லது. எடுப்பதும் கெடுப்பதும் ஒரே கிணற்று வட்டாரத்தில் நிகழ்கின்றன.

பண்ணை உண்ணும் மக்காச்சோளம், சோயா ஆகியவற்றின் பெரும்பகுதி கருநாடகம், ஆந்திரம், பீகார் போன்ற பிற மாநிலங்களில் விளைந்து லாரியிலும் ரயிலிலும் வருவது. அப்பயிர் குடித்த நீர், கோழி குடித்த நீரைவிடப் பல மடங்கு. பண்ணையின் கிணற்றை அளப்பதால் அந்நீரைக் கட்டுப்படுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிணற்றுச் சட்டம் கிணற்றைப் பற்றியதே. தீவனத்தின் நீர் வேறொரு கொள்கையின் பொருள்.

5. ஒரே பண்ணைக்குப் பல முகங்கள்

பண்ணை எந்தத் துறையின் முன் நிற்கிறதோ அதற்கேற்ப அதன் முகம் மாறுகிறது. வருமான வரிச் சட்டத்தில் அது வேளாண்மை அன்று: நிலத்தில் உழுது பயிரிடும் அடிப்படைச் செயலே வேளாண்மைக்கு இலக்கணம் என்று 1957-இல் உச்சநீதிமன்றம் கூறியதைத் தொடர்ந்து, கோழி, பால் பண்ணை வருவாய் வேளாண் வருவாயாகக் கொள்ளப்படுவதில்லை. சுற்றுச்சூழல் சட்டத்திலும் பெரும்பண்ணை மாசுக் கட்டுப்பாட்டின் வரம்புக்குள் வந்துவிட்டது: நெடுங்காலம் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட பறவைகளுள்ள பண்ணைகள் கட்டுப்பாட்டிலிருந்து விலகி நின்ற நிலையை, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் ஏற்க மறுத்தபின், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 5,000 பறவைகளுக்கு மேற்பட்ட பண்ணைகளையும் கருத்தில் கொண்டு நெறிமுறைகளைத் திருத்தியது. பால் பண்ணைகளுக்கும் அதே ஆண்டில் தனி நெறிமுறைகள் வந்தன. வரித் துறைக்கு வணிகமாகவும் மாசு வாரியத்துக்குத் தொழிற்கூடமாகவும் இருக்கும் ஒன்று, கிணற்றங்கரையில் மட்டும் உழவராக நிற்க வேளாண் விலக்கு இடம் தருகிறது.

நாளொன்றுக்கு 10 கன மீட்டர் என்னும் சிறுதொழில் வரம்பைக் கோழிக் கணக்கில் பெயர்த்தால், அது ஏறத்தாழ 45,000 முட்டைக்கோழிகள் குடிக்கும் நீர். ஒரகடத்தில் அதைவிடச் சற்று மிகுதியாக நீர் எடுக்கும் உதிரிபாகப் பட்டறை சான்றுக்கு மனுச் செய்யவேண்டும். அதைப்போல் பல மடங்கு எடுக்கும் பண்ணை வேளாண்மையின் பெயரால் விலகிக்கொள்ளலாம். நீர்த்தாங்கிக்கு இவ்வேறுபாடு தெரியாது.

இதற்கு எளிய மாற்று, தொழிலின் பெயரை அறவே விட்டுவிட்டு எல்லாருக்கும் ஒரே அளவு வரம்பு வைப்பது என்று தோன்றலாம். அது சிறு உழவரையே முதலில் தாக்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வைத்திருக்கும் இரண்டு ஏக்கர்க்காரர், நடவுக் காலத்தில் ஒரே நாளில் 10 கன மீட்டரைப் பலமுறை கடந்துவிடுவார். அவருக்கு விலக்கு அளிப்பது நீரியல் முடிவன்று. வாழ்வாதாரத்தைக் கருதிய சமூக முடிவு. 1990 முதல் பாசனத்துக்கு இலவச மின்சாரம் தந்த மாநிலத்தில் அம்முடிவுக்கு ஆழ்ந்த வேர் உண்டு. ஆனால் அவ்விலக்கின் நியாயம் அவர் உழவர் என்பதில் மட்டும் இல்லை, அவர் சிறியவர் என்பதில் இருக்கிறது. இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களைச் சிறு, குறு உழவர் என்பது வழக்கம். தமிழ்நாட்டின் நில உடைமைகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அவ்வளவினவே. தம் நிலத்தில் பயிரிடும் அவர்களை முழுமையாக விலக்கி வைத்தாலும், எஞ்சிய பெருநுகர்வோரை அளவின்படி கேள்வி கேட்கச் சட்டத்துக்குத் தடை ஏதும் இல்லை.

6. பிற இடங்களின் பட்டறிவு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கோகோ கோலா ஆலையைப் பற்றிய வழக்கு இங்குப் பொருந்தும். 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களுக்காக அரசு காத்துவரும் பொதுச்சொத்து என்றும், 34 ஏக்கர் வைத்திருக்கும் ஆலை அந்த அளவு நிலத்தில் பயிரிடும் ஒருவர் எடுக்கும் நீரையே எடுக்கலாம் என்றும் கூறினார். 2005-இல் இருவர் அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க இசைந்தது. ஆலை 2004-இலேயே இயக்கத்தை நிறுத்திவிட்டது, பின்னர் திறக்கவும் இல்லை. எடுப்பதை நிலத்தின் அளவோடு இணைத்துப் பார்த்த முதல் தீர்ப்பின் எண்ணம், பண்ணைகளைப் பற்றிச் சிந்திக்கும்போது இன்றும் பயன் தருவது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் பால் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கு ஒரு வளாகத்தின் கிணறுகள் சேர்ந்து நிமிடத்துக்கு 70 கேலன், அதாவது ஏறத்தாழ 265 லிட்டர் இறைக்கும் திறன் பெற்றால், அது பண்ணையானாலும் ஆலையானாலும் மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். புதிய கிணறுகள் சுற்றுப்புற நீர்நிலைகளுக்குக் கூட்டாக விளைக்கும் பாதிப்பைக் கருதும் அதிகாரம் மாநிலத் துறைக்கு உண்டு என்று அம்மாநில உச்சநீதிமன்றம் 2021-இல் உறுதிசெய்தது. அரிசோனாவிலோ 1980-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த மேலாண்மைப் பகுதிகளுக்கு வெளியே ஊர்ப்புறப் படுகைகள் கட்டற்றுக் கிடந்தன. அவற்றுள் ஒன்றான வில்காக்ஸ் படுகையில் மாபெரும் பால் பண்ணை வந்து ஆழ்கிணறுகள் தோண்டியபின், சுற்றிலும் இருந்த வீட்டுக் கிணறுகள் வற்றின. 2022-இல் அப்படுகை மக்கள் வாக்கெடுப்பில் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்தனர். நீர்மட்டம் மேலும் இறங்கவே, 2024 டிசம்பரில் மாநில அரசே அதைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக்கியது. அளவை முன்னரே வரம்பாக வைத்த மாநிலம் கிணறு தோண்டும் முன் பேச முடிந்தது. வைக்காத மாநிலம் கிணறுகள் வற்றியபின் பேசியது.

7. சட்டம் கொள்ளவேண்டிய உறுப்புகள்

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் ஒழுங்குமுறையின் உறுப்புகளைச் சுருக்கமாக வரையலாம். முதலாவது, விலக்கைத் தொழிலின் பெயரிலிருந்து பிரித்து, எடுப்பவர் சிறியவர் என்னும் நிலையோடு இணைப்பது: தம் நிலத்தில் பயிரிடும் சிறு, குறு உழவருக்கும், வீட்டில் சில மாடுகளும் கோழிகளும் வளர்ப்போருக்கும் முழு விலக்கு, நாளொன்றுக்கு 10 கன மீட்டருக்கு மேல் எடுக்கும் அடைப்புப் பண்ணைக்கும் ஆலைக்கும் நீர் விற்பனைக் கிணற்றுக்கும் ஒரே நெறி. இரண்டாவது, வரம்பைக் கடக்கும் ஒவ்வொரு கிணற்றிலும் முத்திரையிட்ட நீரளவி. அதன் திங்கள் கணக்கு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். நீரளவியை ஏமாற்றுவது எளிது என்பது உண்மை. ஆனால் பக்கத்துக் கிணற்றுக்காரர் படிக்கத்தக்க இடத்தில் எண் இருந்தால், பொய் எண்ணை நெடுங்காலம் காப்பது எளிதன்று.

மூன்றாவது, தனிக் கிணற்றுக்கு மட்டுமன்றிக் குறுவட்டத்துக்கும் மொத்த வரம்பு வைப்பது. ஐம்பது பண்ணைகள் தனித்தனியே சிறியவையாக இருந்தும் கூட்டாக ஒரு நீர்த்தாங்கியை வற்றச் செய்ய இயலும். அதிநுகர்வுக் குறுவட்டத்தில் புதிய பெரும்பண்ணைக்கு இசைவு தருமுன், அங்கு ஏற்கெனவே எடுக்கப்படும் நீர் முழுவதும் கூட்டிப் பார்க்கப்பட வேண்டும். நான்காவது, மாசு வாரியத்தின் இசைவும் நீர் எடுக்கும் அனுமதியும் ஒரே கோப்பில் ஆராயப்படுவது. எச்சத்தை எங்கே கொட்டுவார் என்று கேட்கும் அதிகாரி, நீரை எங்கிருந்து எடுப்பார் என்றும் கேட்கவேண்டும். ஐந்தாவது, மாற்று நீர். கோழிக்கும் மாட்டுக்கும் குடிக்கச் சுத்திகரித்த கழிவுநீரைத் தருவதில் நோய்த் தடுப்புக் கேள்விகள் உள்ளன. ஆனால் கொட்டில் கழுவவும், தீவனப்பயிர் விளைக்கவும் அதைப் பயன்படுத்தலாம். கூரையில் விழும் மழைநீரைத் தேக்கிச் சுத்தம் செய்து குடிநீரோடு சேர்ப்பது, நீண்ட கூரைகளையுடைய கொட்டகைகளுக்கு இயல்பாகவே எளிது.

முட்டையின் விலையைப் பண்ணையார் தனியாக முடிவு செய்வதில்லை, 1982 முதல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையும் சந்தையும் அவரைக் கட்டுகின்றன, ஆகவே கூடுதல் செலவை அவர் தாங்கமாட்டார் என்னும் எதிர்வாதம் கருதத்தக்கது. நீரளவியின் விலை ஆழ்துளைக் கிணற்றை மேலும் இருநூறு அடி ஆழப்படுத்தும் செலவைவிட மிகக் குறைவு என்பது அதற்கு விடை. ஒழுங்குமுறை இல்லாத போட்டியில், ஆழமாகத் தோண்ட வல்ல பெரும்பண்ணை, தோண்ட இயலாத நடுத்தரப் பண்ணையின் கிணற்றை வற்றச் செய்யும். வரம்பு இல்லாமையால் முதலில் இழப்பவர் உழவர். அடுத்து இழப்பவர் சிறு பண்ணையார். சத்துணவுக்கு முட்டை தரும் தொழில் நீடிக்கவேண்டுமானால் அதன் கிணறும் நீடிக்கவேண்டும்.

கோயம்பேட்டிலிருந்து ஒரகடம் வரை குழாய் பதிக்க முடிந்ததற்குக் காரணம், ஆலைகள் எவ்வளவு நீர் கேட்கின்றன என்பதை அரசு அறிந்திருந்தது என்பதே. நாமக்கல்லிலும் பல்லடத்திலும் எந்தப் பண்ணை எவ்வளவு எடுக்கிறது என்று கேட்கும் உரிமையைச் சட்டம் முதலில் பெறவேண்டும். அதைப் பெற வேளாண்மை என்னும் பெயருக்குத் தந்த விலக்கைத் திரும்பப் பெற்று, சிறியவர் என்னும் நிலைக்கு அதைத் தருவது போதும்.